ஏடிவியின் அடிவயிற்றுக்குக் கவசம்

ஏடிவி எனப்படும், கரடுமுரடான தடத்தில் ஓடும் நாலு சக்கர வண்டிக்குக் கவசம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஒரு சாக்கை விரித்து அதன் கீழே படுங்கள். கையில் ஒரு டார்ச்சும் சாக்பீஸும் இருந்தால் போதும். எங்கெல்லாம் கீறல், எங்கே பெயின்ட் போய் இரும்பு தெரிகிறது, எங்கே பிளாஸ்டிக் வெளுத்துக் கிடக்கிறது என்று பார்த்து வட்டம் போடுங்கள். ஒரு வருடம் ஓடிய வண்டி, தான் எங்கே அடி வாங்குகிறது என்பதைத் தானே எழுதி வைத்திருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் படத்தில் பார்த்த முழு செட்டையும் மாட்டச் சொல்கிறார்கள். முன் பம்பர், பின் பம்பர், அடித்தட்டு, ஆர்ம் கார்டு, பக்கக் குழாய், கைக் கவசம் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றையும் மாட்டினால் ஓர் ஆள் எடை கூடிவிடும். என்ஜினுக்குக் காற்று குறையும். சேறு ஒளிந்துகொள்ள நாலு புது இடம் கிடைக்கும். அடி விழாத இடத்தில் போட்ட கவசம் சுமைதான். அது வண்டியை எந்த விதத்திலும் காப்பாற்றாது. உங்கள் தடம் எங்கே அடிக்கிறதோ அங்கே போடுங்கள்.

கற்பாறை நிறைந்த ஓடை வழியாகப் போகும் வண்டிக்கு என்ஜினின் அடிப்பகுதியும், ஃபிரேமின் முன் வளைவும்தான் தேயும். தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு வேறு எதிரி. கவாத்து செய்த செடியின் தூர் கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அது அடித்தட்டைத் தொடாமல் பக்கவாட்டில் புகுந்து ஆக்சிலின் ரப்பர் பூட்டைக் கிழிக்கும். காப்பித் தோட்டத்தில் கிளைகள் கை விரலை அடிக்கும். கடற்கரை மணலில் வயிற்றில் கீறலே இருக்காது. சென்னை மெரினாவில் காவல்துறை ரோந்துக்கு ஓட்டுவது போன்ற வண்டிக்குக் கல் எதிரியல்ல, உப்புதான் எதிரி. அங்கே கனத்த தட்டைப் போட்டால், தட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஈர மணல் தங்கி இரும்பை அரித்துவிடும்.

கம்பெனியிலிருந்து வரும்போதே அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது சேறு தெறிக்காமல் தடுப்பதற்கானது, பாறையைத் தாங்குவதற்கானதல்ல. பெரிய ஏடிவிகளில் தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம்தான். சவாரி செய்பவரின் எடையோடு சஸ்பென்ஷன் அமுங்கும்போது அதிலும் குறையும். ஆகவே உண்மையான தட்டு தேவைப்படும் வண்டிகள் நிறையவே உண்டு.

எந்தத் தகடு?

மூன்று சரக்குகள்தான் பொதுவாகப் புழக்கத்தில் இருக்கின்றன: எம்.எஸ். தகடு எனப்படும் சாதா இரும்பு, அலுமினியம், யு.எச்.எம்.டபிள்யு. என்ற கெட்டிப் பிளாஸ்டிக். ஒரு சதுர மீட்டர் கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் தேர்வு எளிது. 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23.5 கிலோ. 5 மி.மீ. அலுமினியம் 13.5 கிலோ. 10 மி.மீ. யு.எச்.எம்.டபிள்யு. 9.4 கிலோ. அதாவது மூன்று மடங்குக்கு மேல் தடிமனான பிளாஸ்டிக், இரும்பின் எடையில் பாதியைக்கூட எட்டவில்லை.

இரும்பின் நல்ல குணம், எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் வெட்டி வளைத்து ஒட்டித் தருவார்கள். கெட்ட குணம் எடையும் துருவும். துளை போட்ட ஓரத்தில் பெயின்ட் நிற்காது. மழைக்காலம் முடிவதற்குள் துளையைச் சுற்றிச் செம்மண் நிறம் ஏறிவிடும்.

அலுமினியம் வாங்கினால் 5052 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது வளைத்தால் விரிசல் விடாது. 6061 அதைவிட வலுவானது, ஆனால் கூர்மையாக வளைக்கும்போது மடிப்பில் வெடித்துவிடும் குணம் உண்டு. பஸ் படிக்கட்டில் பார்க்கும் கோடு போட்ட செக்கர் பிளேட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கோடு கீழ்ப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு கல்லிலும் மாட்டி இழுக்கும். மேல்பக்கம் இருந்தால் சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

யு.எச்.எம்.டபிள்யு. என்பது பாலிஎத்திலீன் வகைதான், ஆனால் தேய்மானத்தைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு. நிலக்கரி, தாதுக்கள் சறுக்கி விழும் தொட்டிகளின் உள்பக்கத்துக்கு இதைத்தான் ஒட்டுகிறார்கள். பாறை மேல் வயிறு பட்டால் அலுமினியம் கடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். இது வழுக்கிக்கொண்டு போய்விடும். பாறை மேல் ஏறுபவர்களுக்கு இந்த ஒரு குணம் போதும் இதைத் தேர்ந்தெடுக்க. என் கருத்தைக் கேட்டால், கல் தடத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதற்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, சூடு. 130 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகத் தொடங்கும். சைலன்சர் குழாய்க்கு அருகில் போடக்கூடாது. இரண்டாவது, சூட்டில் அது நீளும். அலுமினியத் தட்டு ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் முக்கால் மி.மீ.கூட நீளாது. அதே நீளப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும். விடியற்காலைக் குளிரில் கச்சிதமாக மாட்டிய தட்டு, மதிய வெயிலில் போல்ட்டுகளுக்கு நடுவில் தொப்பை போட்டுத் தொங்குவது இதனால்தான். அதற்கு என்ன செய்வது என்பதைப் பொருத்தும் இடத்தில் சொல்கிறேன்.

பொருத்துவதற்கு முன்

பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பாகப் போல்ட்டுகளின் நீளத்தைப் பாருங்கள். இந்த அத்தியாயத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், போல்ட் நீளத்தை வையுங்கள்.

பல வருடங்களுக்கு முன், ஒரு தோட்டத்து வண்டிக்கு அடித்தட்டு போட்டேன். தட்டோடு வந்த போல்ட்டில் ஒன்று காணவில்லை. 30 மி.மீ. போல்ட்டுக்குப் பதில் கையிலிருந்த 40 மி.மீ. போல்ட்டை ஏற்றினேன். கச்சிதமாக இறங்கியது. மூன்று வாரம் கழித்து வண்டி ஓட்டுகிற தம்பி வந்தான்.

"அண்ணே, கீழே ஆயில் சொட்டுது. தட்டு போட்டதுக்கு அப்புறம்தான் இப்படி."

"சொட்டுனது எந்தப் பக்கம்டா?"

"வலது பக்கம். அந்தப் புது போல்ட்டுக்கு நேர் மேல."

தட்டைக் கழற்றிப் பார்த்தேன். கூடுதலாக இருந்த 10 மி.மீ. முனை, ஃபிரேமைத் தாண்டி மேலே போய் என்ஜின் கேஸைத் தொட்டிருந்தது. என்ஜினின் அதிர்வில் அந்த முனை அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்திருக்கிறது. விரல் நுனி வைத்தால் குழி தெரிந்தது. காப்பாற்றப் போட்ட தட்டின் போல்ட்டே என்ஜினைத் துளைத்தது. அந்தக் கேஸை வெல்டிங் செய்து சரிசெய்ய ஆன செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் தவறாமல் செய்வது இது. போல்ட் வெளியே வரும் இடத்துக்கு நேர் மேலே, கோலிக்குண்டு அளவு சப்பாத்தி மாவை ஒட்டிவிட்டுப் போல்ட்டைக் கையால் முழுக்க ஏற்றுகிறேன். பிறகு கழற்றி மாவைப் பார்க்கிறேன். முனை பதிந்த பள்ளத்துக்கு மேல் எவ்வளவு மாவு மிச்சமிருக்கிறது? 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் போல்ட்டை வெட்ட வேண்டும், அல்லது குட்டைப் போல்ட் வாங்க வேண்டும். வெட்டினால் முனையை அரத்தால் சீவி, ஒரு நட்டை ஏற்றி இறக்கி மரையைச் சரிபார்த்த பிறகே வண்டியில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் மாவு ஒட்டியிராமல் துடைத்து எடுத்துவிடுங்கள்.

போல்ட் ரொம்பக் குட்டையாகவும் இருக்கக்கூடாது. இரும்பு நட்டில் போல்ட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், 8 மி.மீ. போல்ட் என்றால் 8 மி.மீ. ஆழம். அலுமினியத்தில் மரை போட்ட இடமென்றால் அதைப்போல் ஒன்றரை மடங்கு. பழைய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. தட்டு போடும்போது, பழைய போல்ட்டை அப்படியே போட்டால் மரை இரண்டு சுற்றுதான் பிடிக்கும். அது முதல் கல்லிலேயே கழன்றுவிடும்.

ஃபிரேமில் ஏற்கெனவே வெல்டு செய்த நட்டுகளில் சேறும் துருவும் அடைத்திருக்கும். முதலில் சரியான அளவு டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். எந்தப் போல்ட்டும் முதல் நாலைந்து சுற்றுக் கையாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். மரை குறுக்கே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கண்டிப்பான வார்த்தை: ஃபிரேமில் புதுத்துளை போடாதீர்கள். ஃபிரேம் குழாயின் சுவர் மெல்லியது. வளைவு, வெல்டிங் ஓரம் போன்ற இடங்களில் ஒரு துளை போட்டால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். துளை இல்லாத இடத்தில் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள்.

தட்டை ஏற்றுதல்

வண்டியை ஜாக்கியில் தூக்கினால் மட்டும் போதாது. கீழே கட்டையோ ஸ்டாண்டோ கொடுக்காமல் அதன் அடியில் போகக்கூடாது. பெரிய ஏடிவி முன்னூறு கிலோவுக்கும் மேல் இருக்கும். இறங்கினால் நெஞ்சின் மேல்தான் இறங்கும்.

தட்டை மேலே தூக்கிப் பிடித்து நடுவில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கையால் மாட்டுங்கள். பிறகு நாலு மூலை. பிறகு மற்றவை. எல்லாப் போல்ட்டும் ஏறும்வரை எதையும் இறுக்காதீர்கள். ஒன்றை இறுக்கினால் தட்டு நகர்ந்து மற்ற துளைகள் சேராது. அப்போது கோபத்தில் துளையை அகலப்படுத்தத் தோன்றும். எல்லாம் ஏறியதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, குறுக்கே மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

பிளாஸ்டிக் தட்டுக்கு நீளும் குணத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. நடுத்துளை மட்டும் போல்ட் அளவுக்குச் சரியாக இருக்கட்டும். மற்ற துளைகளை, நடுத்துளையை நோக்கிய திசையில் நீளமாக இழுத்து விடுங்கள். ஓரத்துத் துளையென்றால் 5 மி.மீ. நீளம் கூடட்டும். அதில் தட்டின் தடிமனைவிடத் துளி கூடுதலான இரும்புப் புஷ் ஒன்றை வைத்து, மேலே அகல வாஷர் போட்டு இறுக்கினால், போல்ட் புஷ்ஷை அழுத்தும், பிளாஸ்டிக்கை நசுக்காது. தட்டு வெயிலில் நீண்டு, குளிரில் சுருங்கிக் கொள்ளும். புஷ் இல்லாமல் இறுக்கினால் பிளாஸ்டிக் நாள்பட அமுங்கிப் போல்ட் தளர்ந்துவிடும்.

போல்ட் தலை கீழே நீட்டிக்கொண்டிருந்தால் கல்லில் தேய்ந்து, பிறகு ஸ்பேனரே பிடிக்காது. தட்டையான தலை உள்ள சி.எஸ்.கே. போல்ட்டைத் தட்டுக்குள் புதைத்துப் போடுங்கள், அல்லது தட்டில் தலை அமரும் பள்ளம் எடுங்கள். ஆலன் கீ போடும் குழியில் கிரீஸைத் திணித்து வைத்தால் சேறு காய்ந்து அடைக்காது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது இந்தச் சின்னக் காரியத்தை நீங்களே வாழ்த்துவீர்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? வண்டியோடு வந்த கையேட்டில் எண் இருந்தால் அதுவே முதல். இல்லாவிட்டால் 8.8 என்று தலையில் பொறித்த சாதாரணப் போல்ட்டுக்கு 6 மி.மீ. என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. என்றால் 25. மரையில் கிரீஸ் தடவியிருந்தால் இதில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட மரை அதே பலத்துக்குக் கூடுதலாக இழுபடும். டார்க் ரெஞ்சு இல்லாதவர்கள் நீளக் கைப்பிடி வைத்து இழுக்கவேண்டாம். கம்பெனி ஃபிரேமின் நட்டு உடைந்தால் முழுக்க வெட்டித்தான் வெல்டு செய்ய வேண்டும்.

தளராமல் இருக்க நைலாக் நட் நல்லது. ஆனால் ஒருமுறை கழற்றியதை மறுபடி போடாதீர்கள். உள்ளே இருக்கும் நைலான் வளையம் ஏற்கெனவே பிடியை இழந்திருக்கும். சைலன்சருக்குப் பக்கத்திலும் அது வேண்டாம், நைலான் சூட்டில் இளகும். மரையில் விடும் லாக் பசையில் நீல நிறம் போதும். சிவப்பு என்றால் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. அந்தப் பசையை வண்டியின் பிளாஸ்டிக் பாகங்களில் சிந்தவிடாதீர்கள். சில பிளாஸ்டிக்குகள் அதனால் விரிசல் விடும்.

எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அலுமினியத் தட்டும் சேர்ந்தால், ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். கடற்கரையில் இது வேகமாக நடக்கும். நடுவில் நைலான் வாஷர் வைத்துத் துரு எதிர்ப்புக் கிரீஸ் தடவி ஏற்றுங்கள். மணலில் ஓடிய வண்டியை அன்றன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், தட்டின் மேல்பக்கத்தையும் சேர்த்து.

ஆயில் கழற்றும் இடத்துக்குத் தட்டில் துளை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் தட்டை இறக்கி, ஸ்பேனரோடு கை நுழையும் அளவுக்குத் துளை போட்டு, ஓரத்தை அரத்தால் மழுக்குங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பன்னிரண்டு போல்ட்டைக் கழற்ற வேண்டி வந்தால், ஆயில் மாற்றுவதே தள்ளிப்போகும். அது தட்டு இல்லாமல் ஓட்டுவதைவிடக் கெடுதல்.

ரப்பர் பூட்

சக்கரத்துக்கு ஆற்றலைக் கொண்டுபோகும் ஆக்சிலின் முனைகளில் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அதற்குள் கிரீஸும் ஜாயின்டும். ரப்பர் விலை பெரிதல்ல. ஆனால் ஒரு தூர் குத்திக் கிழித்து, அதை நாலு நாள் கவனிக்காமல் ஓட்டினால், மணலும் சேறும் கிரீஸோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். பிறகு திரும்பும்போது கடக் கடக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த பிறகு ரப்பர் மாற்றிப் பயனில்லை. ஜாயின்டையே மாற்ற வேண்டும்.

ஆர்ம் கார்டு என்பது சஸ்பென்ஷன் கையின் அடியில் மாட்டும் வளைந்த தகடு. அது கையின் கீழ்ப்பகுதியைக் கல்லிலிருந்தும், பூட்டைக் குச்சியிலிருந்தும் காக்கும். மாட்டும்போது வண்டி நின்றபடி இடைவெளி இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போதும், முழுக்கத் தொங்கும்போதும் பார்க்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கவிட்டு ஒருமுறை, இழுவைப் பட்டையால் ஆக்சிலையும் ஃபிரேமையும் சேர்த்து இழுத்து அமுக்கி ஒருமுறை. இரண்டு நிலையிலும் ஹேண்டில் பாரை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் திருப்புங்கள். எந்த நிலையிலும் பூட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் போக வேண்டும். பிரேக் ஓஸ் எங்கும் இழுபடக்கூடாது.

நன்றாகப் பொருந்திய கார்டும் சேற்றுக்கு ஒரு தொட்டிதான். தகட்டின் அடியில் வடியத் துளை இருக்க வேண்டும். இல்லையென்றால் 12 மி.மீ. துளை இரண்டு மூன்று போடுங்கள். ஒரு லிட்டர் ஈரச்சேறு ஏறக்குறைய 1.7 கிலோ இருக்கும். தட்டின் மேல் பத்து லிட்டர் தங்கினால் பதினேழு கிலோவை நீங்கள் ஏற்றிச் செல்கிறீர்கள். காய்ந்த புல்லைத் தட்டின் மேல், சைலன்சருக்குப் பக்கத்தில் சேரவிடுவது அதைவிட ஆபத்து. வெயில் காலத்தில் இப்படித்தான் வண்டியோடு புல்வெளியும் பற்றிக்கொள்கிறது. புல் நிறைந்த தடத்தில் ஓடிவிட்டு வந்தால், என்ஜின் ஆறியதும் தட்டின் மேல்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

பம்பர், கைக் கவசம்

முன் பம்பர் பிளாஸ்டிக்கையும் விளக்கையும் ரேடியேட்டரையும் காக்கும். நல்ல பம்பர் மெல்ல வளைந்து அடியைத் தின்ன வேண்டும். வளையாத அளவுக்குக் கனத்த குழாயில் செய்த பம்பர் அடியைத் தின்னாமல் நேராக ஃபிரேமுக்குக் கடத்தும். பட்டறையில் புதிதாகச் செய்யும்போது "இன்னும் தடிமனா போடுங்க" என்று சொல்பவர்களிடம் நான் மறுத்துவிடுவேன். வளைந்த பம்பரை மாற்றலாம். வளைந்த ஃபிரேமை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ரேடியேட்டருக்கு முன்னால் குறுக்குக் குழாயோ விளக்கோ வரக்கூடாது. மாட்டிய பின் வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டு, விசிறி எவ்வளவு நேரத்தில் சுழல ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். முன்பைவிடச் சீக்கிரம் வந்தால் காற்று தடைபடுகிறது.

வண்டி பதிவு செய்யப்பட்டுச் சாலையில் ஓடுவதாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுக்காத பம்பர் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு முரண் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கும் சாலைக்கு வரும் வண்டிக்கும் ஒரே மாதிரி மாட்டாதீர்கள்.

கைக் கவசத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளைகளுக்குப் பிளாஸ்டிக் போதும். மாட்டியதும் என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். என்ஜின் சத்தம் கூடினால் த்ராட்டில் கேபிளைக் கவசம் இழுக்கிறது. ஏடிவியில் த்ராட்டில் கட்டைவிரலால் அழுத்துவது. விரல் விட்டதும் முழுக்கத் திரும்பி வர வேண்டும். கவசத்தின் கிளாம்ப் அதைத் தொட்டால் அந்த வண்டி நிற்காது.

வண்டிக்குக் கவசம், ஆளுக்கு?

இதுவரை சொன்ன எதுவும் உங்கள் உயிரைக் காக்காது. தட்டும் பம்பரும் இரும்பைக் காக்கின்றன. ஏடிவியில் பெரிய ஆபத்து, சரிவில் வண்டி புரண்டு ஓட்டுபவரின் மேல் விழுவதுதான். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல் விற்கப்படும் புதிய பொதுப்பயன்பாட்டு ஏடிவிகளில், புரளும்போது ஆளை நசுக்காமல் தடுக்கும் வளைவுச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். பக்கவாட்டுச் சரிவு 28.8 டிகிரியை எட்டும்வரை வண்டி இரண்டு சக்கரத்தில் எழும்பக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனையைத் தாண்டித் தேர்ந்த வண்டியில்கூட நீங்கள் 20 கிலோவை உயரமாக, கேரியரின் மேல் கட்டினால் நிலை மாறிவிடும். அடித்தட்டின் எடை கீழே இருப்பதால் அதனால் தொல்லை குறைவு. மேலே மாட்டும் கம்பி, பெட்டி, விளக்குச் சட்டம் எல்லாம் நிலையைக் குலைக்கும்.

அந்த வளைவுச் சட்டத்தைப் படத்தில் பார்த்து உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ள நினைக்காதீர்கள். அது எவ்வளவு வளைய வேண்டும், எங்கே ஃபிரேமோடு சேர வேண்டும் என்பதைச் சோதித்துச் செய்கிறார்கள். தவறாகச் செய்த சட்டம் கழுத்தின் மேல் விழலாம். சோதித்த பொருள் கிடைத்தால் வாங்கி, கூட வரும் கையேட்டின்படி மட்டும் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் ஹெல்மெட், தனி ஆள் சவாரி, சரிவில் குறுக்கே போகாமல் நேராக ஏறி இறங்குவது ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு சரிவில் போனால், இந்தத் தட்டுகளைப் பற்றிப் படித்ததற்கே பயன் இருக்காது.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு

மாட்டிய அன்றே பத்து கிலோமீட்டர், மெதுவாக, கொஞ்சம் குலுங்கும் தடத்தில் ஓட்டுங்கள். வந்து நிறுத்தியதும் இறங்கிக் காது கொடுங்கள். தட்டு ஃபிரேமில் தட்டும் சத்தம் வந்தால் நடுவில் ஒரு ரப்பர் துண்டு வேண்டும். என்ஜின் ஆறிய பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்; அதிர்வில் முதல் ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலானவை தளரும். இறுக்கியபின் போல்ட் தலைக்கும் தட்டுக்கும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை படுத்துப் பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் அது தளர்ந்திருக்கிறது. ஸ்பேனர் இல்லாமலேயே தெரிந்துவிடும்.

பிறகு மாதத்துக்கு ஒருமுறை அதே சாக்கை விரித்துக் கீழே படுங்கள். இம்முறை தட்டில் விழுந்திருக்கும் புதுக் கீறல்களைப் பாருங்கள். ஒரே இடத்தில் ஆழமாக இருந்தால் அங்கே தட்டு மெலிந்துகொண்டிருக்கிறது, 10 மி.மீ. பிளாஸ்டிக் 5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.